பவர் பத்திரம்: கொடுத்ததோடு கடமை முடிந்ததா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், பத்திர எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஆற்றிய உரை)

 

நமது மஹல்லாவில் சபுராளி இல்லாத வீடு அரிது. ஆதலால் 'பவர்' எழுதிக் கொடுக்காத வீடும் அரிது. அதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள்.

"பவரை எப்போது புதுப்பிக்க வேண்டும்?" என்று பலரும் கேட்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்தைப் போல் இதனைப் புதுப்பிக்கும் வழக்கம் சட்டத்தில் இல்லை. பத்திரத்தில் காலவரையறை எழுதியிருந்தால் அந்நாளில் முடியும்; மேலும் தேவையெனில் புதிதாகத்தான் எழுத வேண்டும். காலவரையறை இல்லையேல், ரத்து செய்யும் வரை அல்லது எடுத்த காரியம் முடியும் வரை அது நிற்கும். ஆனால், கொடுத்தவரோ பெற்றவரோ மவுத்தாகிவிட்டால் அதிகாரமும் முடிந்துவிடுகிறது. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201 ஆம் பிரிவு இதனைச் சொல்கிறது. பிக்ஹு நூல்களின் 'வகாலத்' பாடமும் இதையே சொல்கிறது. நீதிமன்றத்தில் வழங்கும் 'வக்காலத்து' என்ற சொல்லும் அந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததே.

மனிதர் மரணித்துவிடுகிறார், அவர் எழுதிக் கொடுத்த தாளோ பெட்டியில் அப்படியே இருக்கிறது. இடர் இங்கேதான் தொடங்குகிறது.

நான் அறிந்த ஒரு குடும்பம். சவூதியில் இருந்தவர் தம் மைத்துனருக்குப் பவர் கொடுத்திருந்தார். அவர் அங்கேயே மரணமடைந்தார். ஊரே கூடி காயிப் ஜனாஸா தொழுதது. மைத்துனரும் ஸஃப்பில் நின்றார். எட்டு மாதங்கள் கழித்து அதே பவரைக் காட்டி மனையை விற்றார். மனைவிக்கும், தாய்க்கும், இரு பெண் மக்களுக்கும் உரிய பங்கு அந்த மனையில் இருந்தது. வாங்கியவர் வெளியூர்க்காரர், மரணச் செய்தி அறியாதவர். வழக்கு இன்றும் நடக்கிறது. அந்தத் தாய் தீர்ப்பைக் காணாமலே போய்ச் சேர்ந்தார். கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றைத் தமிழ்நாட்டுப் பதிவுத்துறை கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை.

உயிருடன் இருப்பவர் ரத்து செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். "போனில் சொல்லிவிட்டேன்" என்பது போதாது. பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும். பெற்றவருக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஏனெனில் 208 ஆம் பிரிவின்படி, அவர் அறியும் வரை அவரளவில் ரத்து நடைமுறைக்கு வராது. வெளியாருக்கும் அவ்வாறே, அவர்கள் அறியும் போதுதான். ஆகவே மூலப் பத்திரத்தைத் திரும்பப் பெறுங்கள்; குடியிருப்போருக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள்; நாளிதழிலும் விளம்பரம் கொடுங்கள். செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், மனையின் விலையை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்! ரத்துக்கு முன் முறையாக நடந்துவிட்ட காரியங்களை மாற்ற இயலாது.

ஒரு விலக்கும் உண்டு. பெற்றவருக்கு அந்தச் சொத்திலேயே உரிமை இருந்து, அதன் பொருட்டுக் கொடுத்த பவரை, அவருக்குப் பாதகமாக நம் விருப்பப்படி ரத்து செய்ய முடியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு பவர் கொடுப்போர் முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள். பவரை வைத்துக்கொண்டே "வாங்கிவிட்டேன்" என்போருக்கு, அதனால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று 2011 இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

வெளிநாட்டில் இருப்போர் இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பும் பவருக்கு, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட வேண்டாம்.

நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. மவுத்துச் செய்தி முதலில் வந்து சேரும் இடம் பள்ளிவாசல்தான். மரணப் பதிவேட்டில் பெயர் எழுதும்போதே, "மர்ஹூம் யாருக்கேனும் பவர் கொடுத்திருந்தாரா?" என்று வாரிசுகளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பெண் வாரிசுகளிடமும் கேட்க வேண்டும். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

பழைய பவரின் நகல் வைத்திருப்போர் வெள்ளிதோறும் அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்கு எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், படித்துச் சொல்கிறேன், கட்டணம் ஏதுமில்லை. வஸ்ஸலாம்.