விழியின்றிக் கண்ட வனம்



பயண இலக்கியம் என்பது கண்டதை எழுதுவது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. 'நான் கண்ட' என்று தொடங்கும் தலைப்புகள் தமிழிலே எத்தனை! நாடுகளைக் கண்டவர்கள், நகரங்களைக் கண்டவர்கள், மலைகளைக் கண்டவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். காண இயலாத ஒருவர் பயண நூல் எழுதலாமா? நடக்க இயலாத ஒருவர் காட்டுக்குள் போய்வந்த கதையைச் சொல்லலாமா? இன்றைய பேச்சிலே இவ்விரு கேள்விகளையும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். இவை இலக்கியக் கேள்விகள் மட்டுமல்ல. காடும் மலையும் யாருக்கு உரியவை என்ற கேள்வியும் இவற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தின் எக்ஸெற்றர் நகரிலே 1786ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் ஹோல்மன். பன்னிரண்டு வயதிலேயே கடற்படையிற் சேர்ந்து, 1807இல் லெப்டினன்ட் ஆனார். வட அத்திலாந்திக்கின் குளிரிலும் ஈரத்திலும் கழிந்த ஆண்டுகள் அவருடைய மூட்டுகளை முடக்கின. பின்னர் இருபத்தைந்து வயதிலே பார்வையும் முற்றாகப் போயிற்று. வின்ட்சரில் கடற்படை அதிகாரிகளுக்கென இருந்த ஓய்வில்லம் ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. சிறிய வருமானம், தங்குவதற்கு ஓர் அறை, நாள்தோறும் தேவாலய வழிபாடு. அக்காலத்திலே பார்வையற்ற ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது அரிது. உலகம் அவருக்கு அளந்து கொடுத்த இடம் அது.

அந்த இடத்திலே அவர் தங்கவில்லை. உடல்நலத்தைக் காரணம் காட்டி விடுப்புப் பெற்று, 1819இல் பிரான்சுக்குப் புறப்பட்டார். துணைக்கு யாருமில்லை, அந்நாட்டு மொழியும் தெரியாது. வண்டிக்குள் அடைபட்டிருப்பது பிடிக்காதபோது, வண்டியின் பின்புறத்திலே கயிறொன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இத்தாலியில் 1821ஆம் ஆண்டு, கனன்றுகொண்டிருந்த வெசுவியஸ் எரிமலையில் ஏறினார். அதன் பின்னர் ரஷ்யாவைக் கடந்து சைபீரியாவின் இர்குட்ஸ்க் வரை சென்றார். பார்வையற்றவர் ஒருவர் அவ்வளவு தூரம் எதற்காக வருகிறார் என்ற ஐயம் அரசுக்கு எழுந்தது. ஒற்றர் என்ற சந்தேகத்தின் பேரில் காவலோடு போலந்து எல்லைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கவீனர் ஒருவரை ஆபத்தானவர் என்று ஓர் அரசு மதித்தது வரலாற்றில் அபூர்வமானது; அதுவும் ஒருவகைக் கௌரவமே எனலாம்.

1827இல் மீண்டும் புறப்பட்டு, ஆபிரிக்கா, பிரேசில், இந்தியா, சீனா, அவுஸ்திரேலியா எனச் சுற்றி 1832இல் திரும்பினார். அப்பயணத்தை நான்கு பாகங்களாக 1834, 1835ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். நம்மவர்க்கு இதில் தனி அக்கறை உண்டு. அப்பயணத்திலே அவர் இலங்கைக்கும் வந்தார். யானை வேட்டைக்குப் போன குழுவோடு நமது காட்டுக்குள்ளும் சென்றார். அந்த வேட்டையை நாம் இன்று மெச்ச வேண்டியதில்லை. ஆயினும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், பார்வையற்ற பயணி ஒருவர் இத்தீவின் காட்டைத் தம் செவியாலும் மூக்காலும் கைத்தடியாலும் அறிந்து சென்றிருக்கிறார் என்பதை நமது இலக்கிய வரலாறு மறந்துவிடக் கூடாது.

அவர் கைக்கொண்ட முறைகள் எளிமையானவை. இரும்புப் பூணிட்ட தடியைத் தரையிலே தட்டி, அந்த ஒலி திரும்பி வரும் விதத்தைக்கொண்டு சுவரையும் வெளியையும் பிரித்தறிந்தார். எழுதுவதற்கு நொக்டோகிராஃப் என்ற கருவியைப் பயன்படுத்தினார். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி குறுக்கே கம்பிகள் கட்டிய சட்டம் அது. மையில்லாத எழுத்தாணியால் அழுத்த, கரித்தாள் எழுத்தைப் பதித்துவிடும். தாம் எழுதியதைத் தாமே வாசிக்க இயலாத எழுத்தாளர் அவர்.

அவருடைய நூல்களை அக்காலத்தவர் மதிக்கவே செய்தார்கள். 1826இல் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. சார்ள்ஸ் டார்வின் தமது கடற்பயண நூலிலே அவரைச் சான்று காட்டினார். ஆனால் எள்ளலும் கூடவே வந்தது. சைபீரியாவிலே நடந்து திரிந்த இன்னொரு பயணியான கொக்ரேன், பார்வையற்றவரே போய்வரக்கூடிய நாட்டை இனி யார் கொடியது என்று சொல்வார்கள் என்று கேலி செய்தார். இந்தக் கேலியைச் சற்று நின்று ஆராய வேண்டும். அங்கவீனர் ஒருவர் அரிய செயலைச் செய்துவிட்டால் அவருடைய ஆற்றலை உயர்த்திச் சொல்வதில்லை. செயலின் அருமையைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். இந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஹோல்மன் கடைசி ஆண்டுகளிலே எழுதிய தன்வரலாறு அச்சேறவேயில்லை. 1857இல் அவர் மறைந்த பின்னர் அந்தக் கையெழுத்துப் பிரதி காணாமற்போயிற்று.

பார்க்காதவருக்கு நிலம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்குத் தமிழிலே விடை இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருளை வகுக்கிறபோது மரத்தையும் விலங்கையும் பறவையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அந்நிலத்து உணவைச் சொல்கிறது, பறையைச் சொல்கிறது, யாழைச் சொல்கிறது. ஒரு நிலத்துக்கு அதற்கே உரிய சுவையும் ஓசையும் உண்டென்று நம் முன்னோர் இலக்கணமாகவே எழுதி வைத்தார்கள். முல்லை பூத்ததை அறியக் கண் வேண்டியதில்லை. நிலத்தை வெறும் காட்சியாகச் சுருக்கியது பிற்காலத்துப் பழக்கம். புகைப்படக் கருவி அதை மேலும் இறுக்கிவிட்டது.

இனி, நடக்க இயலாதவர்களிடம் வருவோம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, கனடா எல்லையை ஒட்டி, பத்து இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான ஏரிக்காடு ஒன்று இருக்கிறது. பவுண்டரி வோட்டர்ஸ் என்பது அதன் பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். அவற்றுக்கிடையே வீதிகள் இல்லை. ஓர் ஏரியைத் துடுப்பு வலித்துக் கடந்து, ஓடத்தைத் தோளிலே சுமந்து காட்டுப் பாதை வழியே அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். 1970களின் பிற்பகுதியில், இங்கே இயந்திரப் படகுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் விவாதத்துக்கு வந்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று, இயந்திரம் இல்லாவிட்டால் அங்கவீனரும் முதியோரும் அக்காட்டை அனுபவிக்க முடியாமற் போகும் என்பது.

அங்கவீனருக்காகப் பேசியவர்களுள் எத்தனை பேர் அங்கவீனரிடம் கேட்டிருப்பார்கள்? கிரெக் லேஸ் என்ற இளைஞரும் நண்பர்களும் வாதத்திலே இறங்காமல் ஓடத்திலே இறங்கினார்கள். 1977இல் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோரையும் செவிப்புலனற்றோரையும் சேர்த்துக்கொண்டு அந்த ஏரிகளுக்குள் போய்வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் வில்டர்னஸ் இன்குவைரி என்ற அமைப்பு. ஏரிக்காட்டுச் சட்டம் 1978இல் நிறைவேறியது.

இத்தகைய பயணம் எப்படிச் சாத்தியமாகிறது என்று நேயர்கள் கேட்கலாம். ஓடத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். கால் உள்ளவருக்கு அங்கே தனிச் சலுகை எதுவுமில்லை. நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி உரமேறிய கை துடுப்புக்கு நன்றாகவே பழகும். சிரமம் கரையிலேதான். அங்கே ஒருவர் நாற்காலியைத் தூக்க வேண்டும், ஒருவர் ஆளைத் தூக்க வேண்டும், ஒருவர் சமைக்க வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு உணர்ச்சியற்ற இடத்திலே அழுத்தப்புண் வராதபடி நல்ல மெத்தையும் முதுகுச் சாய்மானமும் அமைக்க வேண்டும். குளிரையும் வெயிலையும் அவருடைய உடல் தானாகச் சமாளிக்காமற் போகலாம். அதையும் கவனிக்க வேண்டும். இவற்றிலே மாயம் எதுவுமில்லை. முன்கூட்டிய யோசனையும் கூடவரும் மனிதருமே தேவை.

1990இல் அமெரிக்காவிலே அங்கவீனர் உரிமைச் சட்டம் வந்தபோது, பாதுகாக்கப்பட்ட வனங்களுக்குள்ளும் சக்கர நாற்காலி செல்லலாம் என்று அதிலே எழுதினார்கள். 1964ஆம் ஆண்டின் வனச் சட்டம் இத்தகைய வனங்களுக்குள் இயந்திர வாகனங்களை மறுத்திருந்தது. நாற்காலி வாகனம் அல்ல, அதிலிருப்பவருடைய கால் என்று தெளிவுபடுத்தியது புதிய சட்டம். அதேவேளை, காட்டுக்குள்ளே பாதையோ கட்டடமோ அமைத்துத்தர வேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்றும் அது சொல்லிற்று. தேசிய அங்கவீனர் பேரவை 1992இல் வெளியிட்ட அறிக்கை, இக்காடுகளிலே பயணம் செய்த அங்கவீனரிடமே கருத்துக் கேட்டிருந்தது. இயந்திரத் தடை தமது அனுபவத்தைக் குறைக்கவில்லை என்றவர்கள் நூற்றுக்கு 76 பேர். நேயர்களே, இந்த விடையின் பெருமையை எண்ணிப் பாருங்கள். எங்களுக்காகக் காட்டை வீதியாக்காதீர்கள், காடாகவே விடுங்கள், நாங்கள் வந்துகொள்கிறோம் என்பதுதான் இதன் பொருள்.

தனிமனித வீரத்துக்கும் சான்றுகள் உண்டு. மலையிலிருந்து விழுந்து 1982இல் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மார்க் வெல்மன், 1989இல் கலிபோர்னியாவின் எல் காப்பிட்டான் என்ற செங்குத்துப் பாறையிலே ஏறினார். நண்பர் மைக் கோர்பெட் முன்னே ஏறிக் கயிறு கட்ட, அக்கயிற்றிலே ஒரு தடவைக்கு அரையடியாகச் சுமார் 7,000 தடவை கையாலேயே தம்மை இழுத்து உயர்த்தினார். பதின்மூன்று வயதிலே பார்வையிழந்த எரிக் வைஹென்மேயர் 2001 மே 25ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். முன்னே செல்பவர் ஒலிக்கும் சிறுமணியே அவருக்கு வழிகாட்டி. தமது வாழ்க்கையை அவர் நூலாகவும் எழுதியிருக்கிறார்.

ஆயினும் இந்த வீரக்கதைகளோடு நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. வைஹென்மேயர் 2004இல் திபெத்திய விழிப்புலனற்ற மாணவர் அறுவரோடு, எவரெஸ்டுக்கு அருகே 7,000 மீற்றருக்கு மேற்பட்ட லாக்பா ரி என்ற மலையில் ஏற முயன்றார். அம்மாணவர்கள் லாசாவிலே பார்வையற்றோர் பாடசாலையை நிறுவிய, தாமும் பார்வையற்றவரான சப்ரியே டென்பர்க்கனின் பிள்ளைகள். ஏறும் வழியிலே கருத்து வேறுபாடு எழுந்தது. உச்சியை அடைந்தால்தான் பிள்ளைகளுக்கு வெற்றி என்றது மலையேறுவோர் மனம். ஒன்றாக நடப்பதும் ஒன்றாக இருப்பதுமே இவர்களுக்கு இன்பம், உச்சி யாருடைய ஆசை என்று கேட்டது ஆசிரியர் மனம். உச்சியைத் தொடாமலே திரும்பினார்கள். 'பிளைன்ட்சைட்' என்ற 2006ஆம் ஆண்டு ஆவணப்படம் இந்த விவாதத்தை மறைக்காமற் காட்டுகிறது. நான் டென்பர்க்கன் பக்கமே நிற்கிறேன். அங்கவீனர் ஒருவர் மதிக்கப்பட எவரெஸ்டில் ஏறத்தான் வேண்டுமா? கால் உள்ள நாம் களைத்தால் பாதிவழியிலே திரும்புகிறோம். நம்மை யாரும் தோற்றவர் என்பதில்லை. பாதிவழியிலே திரும்பும் உரிமை அவர்களுக்கும் வேண்டும்.

நமது நாட்டிலே அங்கவீனர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. எழுத்திலே இருப்பது நடைமுறைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்பதை எந்தக் காரியாலயப் படிக்கட்டும் சொல்லும். போரும் மிதிவெடியும் கால்களைப் பறித்த ஒரு தலைமுறை நம்மோடு வாழ்கிறது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்போது செயற்கைக் கால், தொழில், வீடு என்று நாமே பட்டியல் போடுகிறோம். இவை அவசியமானவை, மறுப்பதற்கில்லை. ஆனால், 'எங்கே போக ஆசைப்படுகிறீர்கள்?' என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஹோட்டன் சமவெளியின் பனிமூட்டம் முகத்திலே படுவதை, வில்பத்துக் காட்டின் காலைச் சத்தங்களை, சிவனொளிபாதமலையின் விடியற்காலக் குளிரை ஒருவர் விரும்புவது ஆடம்பரமா? உயிர் பிழைத்திருப்பது மட்டுமே வாழ்க்கை என்று அவர்களுக்கு நாம் விதித்துவிட முடியாது.

நமது எழுத்தாளரிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தமிழ்ச் சிறுகதையிலே ஊன்றுகோலோடு வருபவர் பெரும்பாலும் இரக்கத்துக்காக வருகிறார், அல்லது ஏதாவது ஒன்றன் குறியீடாக வருகிறார். நுளம்புக் கடிக்குச் சினக்கிற, ஆற்றுநீரிலே நனைந்து சிரிக்கிற, வழிதவறியதற்காகத் தோழனோடு சண்டை பிடிக்கிற ஓர் அங்கவீனரை நமது கதைகளிலே காண்பது அரிது. அப்படி ஒருவரை எழுதுங்கள். அதைவிட நல்லது, அவர்களே எழுதட்டும்; பத்திரிகைகள் இடங்கொடுக்கட்டும். தாம் எழுதியதைத் தாமே வாசிக்க முடியாத ஒருவர் நான்கு பாகங்களிலே உலகைச் சொன்னார். இன்று குரலைக் கேட்டு எழுதவும், எழுதியதை வாசித்துக் காட்டவும் கருவிகள் வந்துவிட்டன. 'நான் கண்ட' என்று தொடங்காத, 'நான் கேட்ட காடு' என்றோ 'நான் தொட்ட மலை' என்றோ தலைப்பிட்ட ஒரு தமிழ்ப் பயண நூலை வாசிக்கக் காத்திருக்கிறேன்.