கடனுக்குக் கோடு போடுவோம்!

(தொலைக்காட்சி மன்றத்தில் ‘கடனில்லா வாழ்வு’ எனும் தலைப்பில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கில் நான் கேள்வி கேட்கும் பக்கம் நிற்பவள். இன்று பதில் சொல்லும் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா மட்டுமே வைத்திருக்கிறேன். ஆனால், இந்தத் தலைப்பில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

என் கையில் இருப்பதைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய நோட்டு. மேலே 555 என்று அச்சடித்திருக்கும். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் இப்போதே சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இதன் கதை தெரியும். தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்.

பாட்டி வீட்டு நோட்டு

என் பாட்டி கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறைக்கு நாங்கள் லயத்து வீட்டுக்குப் போவோம். அங்கே மளிகைக் கடையில் பணம் கொடுத்துச் சாமான் வாங்கி நான் பார்த்ததில்லை. அரிசி, சீனி, நெத்திலி, பால் டின், சவர்க்காரம் எல்லாமே 555 நோட்டில் ஏறும். கடைக்காரர் தம்மிடம் ஒரு நோட்டு வைத்திருப்பார். பாட்டியிடம் ஒரு நோட்டு இருக்கும். இரண்டிலும் ஒரே கணக்கு.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் ஆனால் என்னைக் கூப்பிட்டு, “வாசி பாப்பா” என்பார். நான் வரி வரியாக வாசிப்பேன். ஏதாவது ஓர் இடத்தில் கையை உயர்த்தி, “போதும், இந்த மாசத்துக்கு இதுக்கு மேல வேணாம்” என்று சொல்லிவிடுவார். மறுநாளில் இருந்து பிஸ்கட் வராது, மைலோ வராது. நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். பாட்டி அசைய மாட்டார்.

சம்பள நாளன்று கடைக்காரர் கணக்கைக் கூட்டுவார். பாட்டி பணத்தை எண்ணிக் கொடுப்பார். அவர் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். வீட்டுக்கு வந்ததும் தாத்தா கேட்கும் முதல் கேள்வி, “கோடு போட்டாச்சா?” என்பதுதான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, நேயர்களே. தோட்டத்துக் கடையில் விலை கூடத்தான் இருந்தது. கணக்கு மாதக் கணக்கில் தீராமல், அந்தக் கடையை விட்டு நகர முடியாமல் கிடந்த குடும்பங்களும் உண்டு. ஆனாலும் ஒன்று இருந்தது. தன் கடன் எவ்வளவு என்று பாட்டிக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குத் தெரிந்திருந்தது. டிப்ளோமா படித்த பேத்திக்குத் தெரியாமல் போனது.

அலமாரியில் உறங்கிய கடிதங்கள்

2016-இல் நான் ஒப்பந்த அறிவிப்பாளராக இருந்தேன். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று ஊதியம். ஒரு மாதம் நன்றாக வரும், ஒரு மாதம் இளைத்துப் போகும். ஒரு பேரங்காடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த இளைஞர், “அக்கா, பாரம் நிரப்பினால் பயணப்பை இலவசம்” என்றார். அந்தப் பையோடு முதல் கடன் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு இரண்டாவது அட்டை.

திரையில் நான் கட்டி வந்த புடவைகளைப் பார்த்து, “எங்கே வாங்கியது?” என்று நேயர்கள் கேட்பார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வாங்கியது என்று பெருமையாகச் சொல்வேன். கடன் அட்டையில் வாங்கியது என்று சொன்னதில்லை. தீபாவளி சிறப்பு நிகழ்ச்சியில் உங்களுக்கு வாழ்த்துச் சொன்ன அந்தப் பட்டுப் புடவைக்கு அடுத்த தீபாவளி வரை நான் பணம் கட்டிக் கொண்டிருந்தேன்.

மாதா மாதம் வங்கிக் கடிதம் வரும். அதில் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கும். அதை மட்டும் கட்டுவேன். கட்டிவிட்டோம் என்று ஒரு நிம்மதி. பிறகு அந்த நிம்மதியும் போய்விட்டது. தொகையை மட்டும் கைப்பேசியில் பார்த்துக் கட்டிவிட்டு, கடிதத்தைப் பிரிக்காமலேயே அலமாரிக்குள் போட ஆரம்பித்தேன்.

அந்த நேரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்தவர். 20 பேர் சேர்ந்த கூட்டில் மாதம் 300 வெள்ளி கட்டி வந்தார். அவர் முறை வந்து 6,000 வெள்ளி எடுத்தார். அந்தப் பணத்தை ஒரு துணிப்பையில் சுற்றி என் கையில் வைத்து, “உனக்குச் சங்கிலி வாங்கிக்கம்மா” என்றார்.

அந்தப் பையை என்னால் பிடிக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“மொத்தம் எவ்வளவு?”

“தெரியலம்மா.”

அப்போதுதான் அம்மாவின் முகம் மாறியது. “கடன் யாருக்குத்தான் இல்ல? ஆனா எவ்வளவுன்னே தெரியலைங்கிறியே, அதுதான்டி பயமா இருக்கு” என்றார்.

அன்றே பக்கத்துக் கடையில் இருந்து ஒரு 555 நோட்டு வாங்கி வரச் சொன்னார். சமையலறை மேசையில் உட்கார்ந்து கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இரண்டு அட்டையும் சேர்த்து 8,000 வெள்ளி. அந்தத் தொகையை முதல் பக்கத்தில் என் கையாலேயே எழுத வைத்தார்.

நேயர்களே, அந்த 6,000 வெள்ளியை அம்மா எனக்குக் கொடுக்கவில்லை. “இதைக் கொடுத்தா கடன் குறையும், உன் கை மாறாது” என்று சொல்லி வங்கியில் போட்டுவிட்டார். அன்று எனக்குக் கோபம். இன்று கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சுருங்கும் கட்டணம், நீளும் கடன்

இனி, கணக்குக்கு வருவோம். தயவு செய்து இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள்.

கடன் அட்டையில் குறைந்தபட்சக் கட்டணம் பொதுவாக நிலுவையில் 5 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, இதில் எது அதிகமோ அது. ஆண்டு வட்டி, நாம் ஒழுங்காகக் கட்டி வரும் முறையைப் பொறுத்து 15-இல் இருந்து 18 விழுக்காடு வரை. மொத்த நிலுவையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கு வட்டியில்லாத சலுகை நாட்கள் உண்டு. மீதி வைப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அட்டையைப் போட்டு ரொக்கமாக எடுத்தாலோ, எடுத்த நாளில் இருந்தே வட்டி ஓடும்.

8,000 வெள்ளி நிலுவை, 18 விழுக்காடு வட்டி என்று வைத்துக் கொள்வோம். முதல் மாதக் குறைந்தபட்சக் கட்டணம் 400 வெள்ளி. அதில் 120 வெள்ளி வட்டிக்கே போய்விடும். நிலுவை குறையக் குறைய, அடுத்தடுத்த மாதம் வங்கி கேட்கும் தொகையும் குறையும். 400 என்பது 386 ஆகும், 372 ஆகும். நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால், அங்கேதான் சிக்கல். கட்டணம் சுருங்கும்போது கடன் காலம் நீளுகிறது. புதிதாக ஒரு காசு கூடச் செலவு செய்யாமல், கேட்ட குறைந்தபட்சத்தை மட்டும் கட்டி வந்தால், அந்த 8,000 வெள்ளி தீர ஏறக்குறைய 7 ஆண்டுகள். வட்டி மட்டும் 3,000 வெள்ளிக்கு மேல்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். வங்கி 386 கேட்டாலும் 400 கட்டுங்கள். 200 கேட்டாலும் 400 கட்டுங்கள். முதல் மாதம் கட்டிய தொகையைக் கடைசி வரை குறைக்காதீர்கள். அதே கடன் 24 மாதங்களில் தீர்ந்துவிடும். வட்டி ஏறக்குறைய 1,600 வெள்ளிதான். சம்பளம் கூடவில்லை, லாட்டரி விழவில்லை. ஐந்து ஆண்டுகள் மிச்சம்!

நான் அதைத்தான் செய்தேன். இரண்டு அட்டைகளையும் வெட்டினேன். வார இறுதியில் கல்யாண வீடுகளில் அறிவிப்பாளராக நின்றேன். மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். சொல்வதற்கு முன் இரண்டு இரவு தூங்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்முடைய மோட்டார் சைக்கிள் கடனை என் நோட்டிலேயே இரண்டாம் பக்கத்தில் எழுதினார். மண்டபத்தை விட்டுவிட்டுக் கோயிலிலேயே தாலி கட்டினோம். வராமல் போன உறவினர் யாரும் இல்லை.

நோட்டில் எழுத வேண்டியவை

நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் கடன்களை எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. இப்போது கைப்பேசியிலேயே ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். காலணிக்கு ஒரு தவணை, காதணிக்கு ஒரு தவணை. ஒவ்வொன்றும் சிறியது என்பதால் கண்ணில் படுவதில்லை. ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், புரியும்.

அடுத்த பக்கத்தில் அன்றாடச் செலவு. கைப்பேசியை நீட்டிப் பணம் கட்டும்போது போவது தெரியாது. கையால் எழுதும்போது தெரியும். நான் எழுத ஆரம்பித்த முதல் மாதத்திலேயே, வெளியில் வாங்கிக் குடித்த தேநீர், குளிர்பானம் மட்டும் எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணத்தைத் தாண்டியது.

கடைசிப் பக்கம் ஆசைகளுக்கு. வாங்கத் துடிக்கும் பொருளை அங்கே எழுதி, அடுத்த சம்பள நாள் வரை பொறுத்திருங்கள். அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். என் கடைசிப் பக்கத்தில் பாதிக்கு மேல் நானே அடித்துவிட்டேன்.

அம்மாவிடமும் நான் ஒன்று கேட்டுக் கொண்டேன். 1971-ஆம் ஆண்டே கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் வந்துவிட்டது. கூட்டுப் பிடித்தவர் ஓடிப் போனால், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. இப்போது அம்மா அந்த 300 வெள்ளியை வங்கிச் சேமிப்பில் போடுகிறார். ஆக, அவர் என்னைத் திருத்தினார், நான் அவரைத் திருத்தினேன்.

கழுத்தளவு வந்துவிட்டால்

நோட்டில் எழுதித் தீராத அளவுக்குக் கடன் போய்விட்டவர்களும் இதைப் பார்த்துக் கொண்டிருப்பீர்கள். உங்களுக்காக இரண்டு வார்த்தை.

பேங்க் நெகாரா 2006-இல் ஏ.கே.பி.கே. எனும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அமைத்தது. ஆலோசனைக்கு ஒரு காசு வாங்குவதில்லை. வங்கிகளோடு பேசி, உங்கள் வருமானத்துக்குத் தக்கபடி தவணைகளைச் சீரமைத்துத் தருவார்கள். ஆனால், அத்தியாவசியச் செலவு போக உங்கள் கையில் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். அதனால், எல்லாம் முடிந்த பிறகு போகாதீர்கள், முற்றுவதற்கு முன் போங்கள்.

ஆலோங்கிடம் போகவே போகாதீர்கள். 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் கூட ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. மாதத்துக்கு 10, 20 என்று கேட்பவர் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, ஏ.டி.எம். அட்டை, அடையாள அட்டை என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. திவால் வழக்குக்கான கடன் வரம்பு 2017-இல் 50,000 வெள்ளியானது. 2021-இல் அது 100,000 வெள்ளி என்று நிலையானது. ‘நமக்கு அவ்வளவு கடன் இல்லையே’ என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். அந்த வரம்புக்குக் கீழே உள்ள கடனுக்கும் நீதிமன்ற வழக்கு வரலாம், பொருள்கள் பறிமுதலாகலாம்.

வெட்கப்பட்டு மறைத்த கடன்தான் வளர்கிறது, நேயர்களே. நம் சமுதாயத்தில் நோய் வந்தால் ஊருக்கே சொல்கிறோம். கடன் வந்தால் கட்டியவரிடம் கூடச் சொல்வதில்லை. இன்று இரவே உங்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு 555 நோட்டு, ஒரு கோப்பைத் தேநீரின் விலை கூட இல்லை.

இதோ, என் நோட்டின் முதல் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டுகிறேன். குறுக்கே கோணலாக ஒரு கோடு தெரிகிறதா? 24-வது மாதம், கடைசித் தவணை கட்டிய அன்று பேனாவை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் போட்ட கோடு அது. கை நடுங்கியதால் கோணலாகிவிட்டது.

உங்கள் வீட்டு நோட்டிலும் அப்படி ஒரு கோடு விழ வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.