மதுவும் இரக்கமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் நிகழ்த்திய உபந்நியாசம்)



மதுபானம் பொருளை அழிக்கும், தேகத்தைக் கெடுக்கும் என்று இம்மேடையில் பன்முறை கேட்டிருக்கிறீர்கள். ஆதலின், பிறர் நோவைத் தன் நோவாக உணரும் இரக்கத்தை அஃது எவ்வாறு மழுக்குகின்றது என்பதொன்றையே இன்று சொல்லப் புகுந்தேன்.

என் சிறிய தந்தையார் இளகிய மனத்தினர். கன்று நொண்டினாலும் உண்ணாமல் அதனருகே அமர்ந்திருப்பார். அத்தகையவர், ஒரு திருமண விருந்தில் குடித்து வந்த இரவு, கொதிகஞ்சி பட்டுக் கதறிய தம் மகளை அதட்டிவிட்டுப் படுத்துறங்கினார். விடிந்ததும் அவள் கையைக் கண்டு அழுது, "இராத்திரி எனக்கு இது உறைக்கவே இல்லையே" என்றார். அது பொய்யன்று என்பதை இப்பொழுதே அறிகின்றேன்.

2004ஆம் வருஷம் லண்டனில் தானியா ஸிங்கர் என்னும் அம்மையாரும் அவர்தம் கூட்டத்தாரும் 16 இணையரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். பெண்ணின் மூளையைக் காந்தக் கருவியால் படம் பிடித்துக்கொண்டே, அவள் கையிலும் அவள் துணைவன் கையிலும் மாறிமாறி நோவு உண்டாக்கினர். நோவு இன்ன இடத்திலென்று குறிக்கும் பகுதி தன் நோவுக்கே விழித்தது. ஆனால் வருத்தத்தை எழுப்பும் இன்சுலா, சிங்குலேட் என்னும் பகுதிகளோ இருவர் நோவுக்கும் ஒருங்கே விழித்தன. தன் வருத்தத்திற்கும் பிறர் வருத்தத்திற்கும் மூளையில் இவ்வாறு பொதுவிடம் உண்டு.

மதுவோ நோவை மரக்கச் செய்வது. கிரீனிச் சர்வகலாசாலையார் 18 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017இல் இதனை உறுதிப்படுத்தினர். தன் நோவு மரத்தவனுக்குப் பிறர் நோவு உறைக்குமோ? ஓஹையோ மாகாண சர்வகலாசாலையார் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 1000 மில்லிகிராம் பாராசிட்டமால் உண்டவர்க்குப் பிறர் துன்பத்தில் பரிவு குறைந்தது. மதுவைக் குறித்த பின்னைய ஆராய்ச்சியிலும், குடித்துத் தன் நோவு குறைந்தவர்களே பிறர்க்கு மிகுந்த மின்னதிர்ச்சி கொடுக்கத் துணிந்தனர். நோய்க்கு மாத்திரை உண்பது குற்றமன்று; அது தேவைக்கு உண்பது. மதுவோ பரிவைக் குறைப்பதோடு, நிதானத்தையும் உடன் பறிக்கின்றது.

"குடி செய்த வேலை, நான் செய்யவில்லை" என்பார் உளர். அன்பர்களே! குடித்தபின் உறைக்காது என்பது உண்மையாயின், குடிக்குமுன் உறைக்க வேண்டுமன்றோ? கிண்ணத்தைத் தொடும் கை தெளிந்த கையே, பொறுப்பும் அதனுடையதே.

நம் குலத்தார் கலியாண வீட்டிலும் துக்க வீட்டிலும் மது வழங்குவதை மரியாதையென எண்ணுகின்றனர். பிறர் துக்கத்தில் பங்குகொள்ளச் சென்ற இடத்தில், அப்பங்கு கொள்ளும் சக்தியையே இழந்து நிற்பது என்ன மரியாதை? இவ்விரு வீடுகளிலும் மது வழங்குவதில்லையென ஒவ்வொரு குடும்பத்தாரும் இன்றே உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

அப்பெண்ணின் கையிலுள்ள வடு இன்றும் மறையவில்லை. இன்னொரு குழந்தைக்கு அவ்வடு வேண்டாமென்று கேட்டுக்கொண்டு அமர்கின்றேன்.