ஒரு வாளி காற்று



விமானப் பொறியியல் படித்து முடித்த உங்களிடம் இறக்கையின் தூக்குவிசையைப் பற்றிப் பேசினால் கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஆகவே விமானத் தொழிற்சாலைக் குறும்புகளைப் பற்றிப் பேசுகிறேன்.

போயிங் 747 விமானத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பாகங்கள். அவற்றில் பாதி, ரிவெட், போல்ட் போன்ற பிணைப்பான்கள்தான். கையால் ரிவெட் அடிக்க இருவர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியோடு நிற்பார். உள்ளே ஒருவர் ரிவெட்டின் வாலில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்திருப்பார். நடுவில் அலுமினியத் தகடு. முகம் தெரியாது, இரைச்சலில் குரலும் கேட்காது. தட்டித் தட்டித்தான் பேச்சு. 'இது சரியில்லை, எடுத்துவிடு' என்று உள்ளிருந்து தட்டினால், வெளியே இருப்பவர் முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும். அந்தப் பக்குவம் கையேட்டைப் படித்து வருவதில்லை. ஒருவரையொருவர் கலாய்த்துப் பழகித்தான் வருகிறது என்பது என் கட்சி.

அமெரிக்க விமானக் கொட்டகைகளில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் கையில் வாளியைக் கொடுத்து, 'ஸ்டோரில் ஒரு வாளி புரொப்வாஷ் வாங்கி வா' என்பார்கள். சுழலும் புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்றுதான் அது. நீங்கள் படித்ததுதான், ஆனால் முதல் நாள் பதற்றத்தில் மறந்துபோகும். ஸ்டோர்க்காரர் சிரிக்காமல், 'இப்போதுதான் தீர்ந்தது, பெயின்ட் ஷாப்பில் கேள்' என்பார். அங்கே போனால் இன்னொரு இடம். சாயங்காலத்துக்குள் ஆலை முழுக்கச் சுற்றியாகிவிடும். எல்லோருக்கும் முகம் தெரிந்துவிடும். எந்த அறிமுக வகுப்பு இதைச் செய்யும்?

மற்ற பட்டறைகளில் ஸ்பேனரை ஒளித்துவைப்பதுதான் முதல் சேட்டை. இங்கே அது ஆகாது. ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவத்திலேயே இடம் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை தேட வேண்டியதுதான். விமானத்துக்குள் மறந்துவிட்ட ஸ்பேனர் பறக்கும்போது எதில் போய்ச் சிக்கும் என்று யார் கண்டது? கம்ப்ரஸர் குழாயை ஆள்மீது திருப்புவது இன்னும் மோசம். அழுத்தக் காற்று ரத்தத்தில் புகுந்தால் உயிரே போகும். சுற்றியிருப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை, குழாயை அடைத்துவிடுங்கள். கேலியில் தினமும் ஒரே ஆள்தான் மாட்டுகிறார் என்றாலும், மாட்டுபவர் பெண் என்பதுதான் வேடிக்கை என்றாலும், அப்போதும் தடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மற்றபடி, வாளி கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள். வெறும் வாளியோடு மட்டும் திரும்பாதீர்கள். கேன்டீனுக்குப் போய், நன்றாகக் கழுவி, எல்லோருக்கும் டீ நிரப்பி, கணக்கை ஃபோர்மேன் பெயரில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.