ஜகாத் நிதியில் தருவது டூப்ளிகேட் மருந்தா?

(மருத்துவ உதவி பெறும் குடும்பங்களின் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகனுக்குக் குரோன்ஸ் நோய். குடலில் புண், வயிற்றுவலி, ஓயாத பேதி. இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியில் குணம் தெரிந்தது. பிறகு டாக்டர் அதன் பயோசிமிலருக்கு மாற்றி எழுதினார். ஜகாத் நிதியிலிருந்து பணம் கொடுத்தோம். "காசு உள்ளவங்களுக்கு அசல், ஜகாத் வாங்குறவங்களுக்கு டூப்ளிகேட்டா பாய்?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் ஒரு தவணை ஊசியையே போடாமல் விட்டிருந்தார்.

அவர் கேட்டது நியாயம். ஜகாத் ஏழையின் உரிமை. அதில் மட்டமானதைக் கொடுக்க நமக்கு அனுமதி இல்லை. அதனால்தான் இந்த விளக்கம்.

பாராசிட்டமால் ரசாயனச் சேர்மம். யார் செய்தாலும் ஒன்றுதான். இந்த ஊசி மருந்தோ உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்கும் புரதம். அசல் மருந்திலேயே தொகுப்புக்குத் தொகுப்பு நுண்ணிய வேறுபாடு உண்டு. காப்புரிமை முடிந்தபின் வேறு நிறுவனம் செய்வது பயோசிமிலர். பலனிலும் பாதுகாப்பிலும் அசலோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகே அனுமதி கிடைக்கும். ஐரோப்பா 2013-இல் இன்ஃப்ளிக்ஸிமாப் பயோசிமிலரை அனுமதித்தது.

நார்வேயில் அரசு செலவில் ஓர் ஆய்வு நடந்தது. அசல் மருந்தில் நிலையாக இருந்த 482 பேரில் பாதிப் பேரைப் பயோசிமிலருக்கு மாற்றினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஓராண்டில் நோய் கூடியவர்கள் அசலில் 26 சதவீதம், பயோசிமிலரில் 30 சதவீதம். ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்த எல்லைக்குள் இந்த வித்தியாசம் அடங்கியது. குரோன்ஸ் நோயாளிகளிடம் மட்டும் வித்தியாசம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால் ஐயம் எழுந்தது. 220 குரோன்ஸ் நோயாளிகளிடம் தனியாக நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. இரண்டும் ஒரே அளவில் பலன் தந்தன.

ஆகவே, உண்மையான ஆபத்து ஊசியை இடையில் நிறுத்துவதில்தான். விட்டு விட்டுப் போட்டால் உடல் அந்த மருந்தையே எதிர்க்கப் பழகிவிடும். பிறகு பலன் குறையலாம், ஒவ்வாமையும் வரலாம்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். அசலோ பயோசிமிலரோ, இந்த மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். ஆகவே தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். விடாத காய்ச்சலோ இருமலோ வந்தால் உடனே டாக்டரிடம் செல்லுங்கள். மருந்தின் பெயரையும் தொகுப்பு எண்ணையும் குறித்து வையுங்கள். மருந்துக் கடையில் வேறு பெயரில் கொடுத்தால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வீட்டில் வைக்கும் ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். நோன்பு வைப்பது பற்றியும் டாக்டரிடம் முன்பே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

விலை குறைந்தால் அதே ஜகாத் நிதியில் இன்னொரு பிள்ளைக்கும் ஊசி கிடைக்கும். சந்தேகம் வந்தால் ஊசியை நிறுத்தாதீர்கள். டாக்டரிடமோ எங்களிடமோ வந்து கேளுங்கள். அந்தத் தாயார் கேட்டதுபோல் கோபமாகக் கேட்டாலும் சரி.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.