தொட்டிக்குள் இறங்கியவரின் முதலாளி யார்?



டிசம்பர் 6 அன்று இந்த மேடையில் ஏறும் எவரும் முதலில் 1956-ஐத்தான் நினைப்போம். இன்று நான் இன்னொரு டிசம்பர் 6-ஐயும் சேர்த்து நினைவூட்டுகிறேன். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் இன்றைய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-இல், இதே நாளில். அதற்குப் பிறகும் நம் ஆட்கள் கழிவுநீர்த் தொட்டிக்குள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணலின் பொறுப்பில் இருந்தது. தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு அந்தக் காலத்தில் வந்தது. தொழிலாளியின் உடலுக்கு முதலாளி சட்டப்படி பொறுப்பு என்பது அதன் அடிப்படை. அந்தப் பொறுப்பு ஆலை வாசலோடு ஏன் நின்றுவிட்டது? தெருவில் மூடி திறந்து கிடக்கும் குழிவரை ஏன் வரவில்லை? இதுதான் இன்றைய என் பேச்சு.

என் அப்பா தூய்மைப் பணியாளர். ஒருமுறை அவருக்குக் கையுறை கொடுத்தார்கள். அவர் கைக்கு அது பெரிது. ஈரம் பட்டால் மண்வெட்டிப் பிடி வழுக்கும். இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிட்டார். ஆனால் வாங்கிக்கொண்டதாகப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. பிறகு ஒரு கண்ணாடித் துண்டு உள்ளங்கையைக் கிழித்தபோது மேஸ்திரி அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினார்: "கொடுத்தோம், அவர் போடலை." பாதுகாப்பு விதி காகிதத்தில் நிறைவேறிவிட்டது. அப்பாவின் கையில்தான் தையல்.

கையுறை காயத்தோடு போகும். தொட்டி உயிரை எடுக்கும். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அங்கேயே விழுகிறார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார், பிறகு மைத்துனர் இறங்குகிறார். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிணங்கள் விழுவது இப்படித்தான். முகத்தில் கட்டும் துணி இந்த வாயுவைத் தடுக்காது. இல்லாத பிராணவாயுவையும் தராது.

இதெல்லாம் முதலாளிகளுக்குத் தெரியாத விஞ்ஞானம் அல்ல. 2013-ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதியிருக்கிறது. விதிவிலக்கான சூழலில் மட்டுமே, அதுவும் உள்ளாட்சித் தலைமை அதிகாரியின் எழுத்துமூல அனுமதியோடுதான், ஆளை இறக்கலாம். முதலில் வாயுவைச் சோதிக்க வேண்டும். மேற்பார்வையாளர் உட்படக் குறைந்தது மூன்று பேர் இடத்தில் இருக்க வேண்டும். காப்பீட்டுத் தவணையை முதலாளியே கட்ட வேண்டும். இயந்திரத்தைப் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்கிறது சட்டத்தின் 33-ஆம் பிரிவு.

ஆனால் இதே சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி தராமல் செய்விப்பதைத்தான் அது 'அபாயகரமான சுத்தப்படுத்துதல்' என்று வரையறுக்கிறது. கருவி கொடுத்துவிட்டால்? அப்பாவின் கையெழுத்து இருந்த அந்தப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள்.

2022, 2023 ஆண்டுகளில் நடந்த மரணங்களில் 54-ஐ ஒன்றிய அரசே சமூகத் தணிக்கை செய்து, 2025-இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 49 மரணங்களில் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. இன்னொரு கணக்கும் அதில் உண்டு: 38 பேர் தனித்தனியாகக் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள், அரசு ஊதியப் பட்டியலில் இருந்தவர்கள் 5 பேர்தான். ஆள் செத்ததும் வீட்டுக்காரர் லாரிக்காரரைக் காட்டுகிறார், லாரிக்காரர் மேஸ்திரியைக் காட்டுகிறார், மேஸ்திரி "அவனாத்தான் இறங்கினான்" என்கிறார். கடைசியில் செத்தவரே தன் சாவுக்குப் பொறுப்பாளி ஆகிறார்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். தனியாரிடம் எங்களைத் தள்ளாதே என்றார்கள். சம்பளத்துக்கான போராட்டம் என்று மட்டும் அதைப் பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள். எங்கள் முதலாளி யார் என்று அழியாமல் எழுதிவை என்பதும் அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது.

சாவு மட்டுமே செய்தியாகிறது. எலிக்காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஆறாத தோல்நோய், இரவெல்லாம் இருமல், இவையெல்லாம் செய்தியாவதில்லை. அளவுக்குப் பொருந்தும் காலணி, தடுப்பூசி, கூலி பிடிக்காத மருத்துவப் பரிசோதனை, வேலை முடிந்ததும் குளிக்கச் சோப்பும் தண்ணீரும். இவற்றைச் செய்து தருகிறவரைத்தான் முதலாளி என்று சொல்ல முடியும்.

சட்டத்தின் 7-ஆம் பிரிவில் ஒரு சொல் நமக்கு ஆயுதம்: 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' யாரையும் ஈடுபடுத்தக் கூடாது. அந்த 'மறைமுகமாகவோ' ஒப்பந்தச் சங்கிலியின் மேல்நுனிவரை எட்டும். மரணம் நடந்த இடத்துக்குப் போகும் தோழர்கள், முதல் தகவல் அறிக்கையை வெறும் கவனக்குறைவு வழக்காக முடிக்க விடாதீர்கள். 7, 9 பிரிவுகளும், 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதில் இடம்பெற வேண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அதை வாங்கிக் கொடுங்கள். ஆனால் இழப்பீட்டோடு வழக்கை முடித்துக்கொள்ள ஒப்பாதீர்கள்.

மாணவர்களே, சாவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் உள்ளாட்சியில் அனுமதிக் கடிதம், வாயுச் சோதனைப் பதிவு, காப்பீடு, ஒப்பந்த நகல் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். காகிதத்தில் அவர்கள் ஒளிந்துகொண்டால் நாமும் காகிதத்திலேயே தேடிப் பிடிப்போம்.

கடைசியாக ஒன்று. செப்டிக் டேங்க் உள்ள வீட்டிலும் விடுதியிலும் வாழும் நாமும், லாரிக்குப் போன் செய்யும் அந்த நிமிடத்தில் முதலாளிதான். இந்த அரங்குக்கும் ஒரு தொட்டி இருக்கிறது. அடுத்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு இடம் பதிவு செய்யும்போது வாடகை எவ்வளவு என்று கேட்பீர்கள். தொட்டிக்குள் ஆள் இறங்குவதுண்டா என்பதையும் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால், மரத்தடியில் கூடுவோம்.

ஜெய்பீம்.