சோறும் சப்பாத்தியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உணவைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, "மருத்துவர் பேசவேண்டிய பொருளை ரயில்வே குமாஸ்தா பேசுவதா?" என்று வினவினேன். "மருத்துவர் பேசினால் அஞ்சுவார்கள், நீங்கள் பேசினால் கேட்பார்கள்" என்றார். மெட்ரிக்குலேஷன் வரையில் படித்தவன் நான். ஆயினும், ஏற்றிய சரக்கு எவ்வளவு, இறக்கிய சரக்கு எவ்வளவு என்று இருபது ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்தவன். உணவைப் பற்றி வழங்கும் சில கொள்கைகளையும் அவ்வாறே தராசில் இட்டுப் பார்க்க விழைகின்றேன்.

கரக்பூருக்கு வந்து குடியேறிய நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை ஒன்றுண்டு. சோறு உண்பவன் சோம்பிக் கிடப்பான், சப்பாத்தி உண்பவன் வலிவுடன் நிமிர்ந்து நிற்பான் என்பதே அது. குடும்பத் தலைவருக்குச் சர்க்கரை நோய் தலைகாட்டிவிட்டால், மறுநாளே இரவுச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிடுகிறது.

இந்நம்பிக்கை முழுதும் ஆதாரமற்றதன்று. நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலே, ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1918-இல் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வாராய்ச்சிச் சாலையே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்கி வருகிறது. 1920-களில் அவர் எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் முதலியோர் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அளித்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. கடைசியில் நின்றவை வங்காள உணவும் சென்னை உணவும் உண்டவை. வங்க மண்ணில் வாழும் தமிழராகிய நமக்கு இது இரட்டைத் தோல்வி!

ஆனால் அச்சீக்கிய எலியின் தட்டில் சப்பாத்தி மட்டுமா இருந்தது? பால் இருந்தது; வெண்ணெய் இருந்தது; பருப்பும் காய்கறியும் இருந்தன; வாரம் ஒருமுறை இறைச்சியும் கிடைத்தது. சென்னை எலிக்கோ தீட்டிய அரிசியே பெரும்பங்கு. பாலும் நெய்யும் சொற்பம். கதையைக் கேட்ட நாம் சப்பாத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை மறந்துவிட்டோம்.

கணக்கைப் பார்ப்போம். அரிசியாயினும் கோதுமை மாவாயினும், நூறு கிராமில் ஏறத்தாழ 320 முதல் 350 கலோரி வரை உளது. புரதம் அரிசியில் 7 அல்லது 8 கிராம், கோதுமையில் 10 அல்லது 11 கிராம். நார்ச்சத்தோ கோதுமையில் பன்மடங்கு மிகுதி. ஆதலின் தவிட்டோடு கூடிய கோதுமைக்கு ஓரளவு ஏற்றம் உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் இரண்டிலும் பெரும்பகுதி மாச்சத்தே. மாச்சத்து வயிற்றினுள் சர்க்கரையாகத்தான் மாறும். நம் காலனியில் ஓர் அன்பர் சோற்றை அறவே ஒழித்தார். இரவில் ஏழு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் உண்டார். "நான் பத்தியம் காக்கிறேன்" என்று பெருமையுடன் சொல்லியும் வந்தார். காலில் புண் வந்து ஆறாமற்போன பின்னரே இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர் தின்ற சப்பாத்தியை எவரும் எண்ணவில்லை.

அரிசியின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. அது வெண்மையில் நாம் கொண்ட மோகம். ஜாவாத் தீவில் 1890-களில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், மருத்துவமனைக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதைக் கண்டார். அவை உண்டது ராணுவ நோயாளிகளுக்குச் சமைத்த தீட்டிய அரிசிச் சோறு. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவச் சோற்றைக் கோழிக்குப் போடேன் என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, நோய் நீங்கியது! தவிட்டிலுள்ள பி1 என்னும் உயிர்ச்சத்தே காரணம் எனப் பின்னர்த் தெளிந்தனர். ஐக்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிட்டியது. அச்சமையற்காரருக்கு என்ன கிடைத்ததோ!

இனி நம் முன்னோர் செய்கையைப் பாருங்கள். நெல்லை ஊறவைத்து அவித்துப் பின் குத்தினர். அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடும். ஆதலின் தீட்டினாலும் முழுதும் போகாது. பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார்க் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் வாட்டிய காலத்தில், புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்தது. நமக்கு அண்டை வீட்டு வங்காளியர் 'சித்தோ சால்' என்று வாங்குவதும் அப்புழுங்கலரிசியே. கோல் பஜாரில் அதைக் குறைந்த விலைக்கு விட்டுவிட்டு, மெருகேற்றிய அரிசியைப் பையில் கட்டி வாங்கிவரும் நாகரிகம் எனக்கு விளங்கவில்லை.

கேழ்வரகைப் பற்றியும் ஒரு சொல். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்துடைய சிறந்த தானியம் அது. ஆயினும் நைய அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை ஏறாது என்பது பொய். எண்ணெய்த் தகரத்தில் 'கொலஸ்டிரால் இல்லை' என்று எழுதியிருப்பது, சோப்புக் கட்டியில் 'எலும்பு இல்லை' என்று எழுதுவது போல. எந்தத் தாவர எண்ணெயிலும் அது இல்லை. குழந்தைகளுக்கு நாம் வாங்கும் மாவுப் பானங்களில் சர்க்கரை எவ்வளவு என்று டப்பாவின் பின்புறம் படியுங்கள். அவற்றை 'ஆரோக்கிய பானம்' என்னும் வரிசையில் வைத்து விற்கலாகாது என 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது.

இறுதியாக, எனக்கு மிகுந்த கவலை தருவதைக் கூறுகின்றேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். நம் வீடுகளிலோ, கருவுற்ற பெண் மிகுதியாக உண்டால் பிள்ளை பருத்துப் பேறு கடினமாகும் என்கிறோம். பெற்றவளுக்குக் கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, தண்ணீர் குறைவாகக் குடி என்று விலக்குகிறோம். பாலூட்டுகிறவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது எந்த நியாயம்? கீரையின் இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. எலுமிச்சை பிழிந்து உண்டால் கூடுதலாகச் சேரும். உண்ட கையோடு தேநீர் குடித்தால் சேர்வதும் குறையும். ஆதலின் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

பிறந்த குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாவில் தடவும் வழக்கமும் நம்மிடையே நின்றபாடில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் நஞ்சாகவும் கூடும். முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவதும் உண்டு. நோயெதிர்க்கும் ஆற்றல் செறிந்தது அதுவே. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரையில் தண்ணீரும் வேண்டா. ரயில்வே மருத்துவமனையில் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். இளந்தாய்மாரும் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் தீர்ப்புக் கூறுவோர் பாட்டிமார்கள். ஆகையால் முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்களை நோக்கியே இப்பகுதியைச் சொன்னேன்.